காப்பும் கழிவும்

ஒரு பொருளை நல்லது என்றோ தீயது என்றோ ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுதல் எளிது. ஆயினும் அத்தீர்ப்பு பெரும்பாலும் முழுமை பெறுவதில்லை. அப்பொருள் எங்கே, எதன்பொருட்டுப் பயன்படுகின்றது, எவ்வளவு நேரம் பயன்படுகின்றது, பயன் முடிந்தபின் எங்குச் சென்று சேர்கின்றது என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அதன் தன்மை விளங்கும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியப்படும் பிளாஸ்டிக் பொருள்களும் இதற்கு விலக்கல்ல. மருத்துவமனையில் ஓர் உயிரைக் காக்கும் ஊசிக்குழலும் பிளாஸ்டிக்கே. திருமணப் பந்தியில் இரண்டு மிடறு நீர் அருந்தியபின் வீசப்படும் சிறு பாட்டிலும் பிளாஸ்டிக்கே. இரண்டையும் ஒன்றாக வைத்து ‘வேண்டா’ என்று ஒதுக்கினால் மக்களின் உடல்நலத்துக்குக் கேடு செய்தவர்களாவோம். இரண்டையும் ஒன்றாக வைத்து ‘வேண்டும்’ என்று ஏற்றால் மண்ணுக்கும் நீருக்கும் அவற்றில் வாழும் உயிர்களுக்கும் கேடு செய்தவர்களாவோம். இவ்விரு கேடுகளையும் தவிர்க்கும் வழி யாது என்பதை இங்கு ஆராய்வோம்.

எறியும் குவளை பிறந்த வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டின் புகைவண்டி நிலையங்களிலும் பள்ளிகளிலும் குடிநீர்த் தொட்டியின் அருகே ஒரே ஒரு குவளை வைக்கப்பட்டிருக்கும். வருவோர் போவோர் அனைவரும் அதனையே வாயில் வைத்து அருந்துவர். காசநோய் மிகுந்திருந்த அக்காலத்தில் இது பெருந்தீங்கு என்பதை மருத்துவர்கள் உணர்ந்தனர். பாஸ்டன் நகரத்து வழக்கறிஞர் லாரன்ஸ் லூயெலன் 1907ஆம் ஆண்டில், ஒருவர் அருந்தியபின் எறிந்துவிடத்தக்க காகிதக் குவளையை உருவாக்கினார். கான்சாஸ் மாநிலத்தில் சுகாதாரத் துறைக்குத் தலைமை தாங்கிய சாமுவேல் கிரம்பைன் என்னும் மருத்துவரின் முயற்சியால் 1909ஆம் ஆண்டில் பொதுக் குவளை தடைசெய்யப்பட்டது. ஆகவே எறியும் குவளை சோம்பலினால் பிறந்ததன்று. நோய்த் தடுப்பின்பொருட்டே பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இதே இடர்ப்பாட்டுக்கு நம் முன்னோர் வேறொரு விடை கண்டிருந்தனர். செம்பையோ டம்ளரையோ உதட்டில் படாமல் உயர்த்தி, அண்ணாந்து நீர் அருந்தும் பழக்கமே அது. இன்றும் நம் இல்லங்களில் முதியோர் சிறுவர்க்கு முதன்முதலாகக் கற்பிக்கும் ஒழுங்குகளுள் இஃது ஒன்றாகும். நோய் ஒன்றே, தீர்வுகள் இரண்டு. ஒரு தீர்வு புதுப்பொருள் ஒன்றைப் படைத்தது. மற்றொன்று ஒரு பழக்கத்தைப் படைத்தது. பொருளால் அமைந்த தீர்வு ஒவ்வொரு முறையும் ஒரு கழிவை விட்டுச் செல்கின்றது. பழக்கத்தால் அமைந்த தீர்வு எதனையும் விட்டுச் செல்வதில்லை.

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. ஒருமுறை பயன்படுத்தி எறிதல் என்பது தன்னளவில் குற்றமன்று. வாழையிலையும் மந்தாரைத் தையல் இலையும் ஒருமுறை உண்டபின் எறியப்படுவனவே. ஆனால் அவை ஆடுமாடுகளுக்கு உணவாகும்; அன்றேல் சில வாரங்களில் மண்ணோடு மண்ணாகும். சில நிமிடப் பயனுக்காகப் பல தலைமுறை அழியாத பொருளைத் தேர்ந்துகொள்வதே குற்றம். பயனின் காலத்துக்கும் பொருளின் ஆயுளுக்கும் உள்ள இப்பொருத்தமின்மையே இச்சிக்கலின் வேர்.

ஊசிக்குழல் கற்பிக்கும் பாடம்

கழிவைக் குறைக்க வேண்டும் என்னும் ஆர்வத்தில் பாதுகாப்பைக் கைவிட்டால் நேர்வது யாது? இதற்கு எகிப்து நாட்டு வரலாறே சான்று. நைல் ஆற்றுப் பகுதி உழவர்களைப் பற்றிய ஒருவகை ஒட்டுப்புழு நோயை ஒழிக்கும் பொருட்டு, 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை அந்நாட்டு அரசு பெரும் ஊசி மருந்து இயக்கம் ஒன்றை நடத்தியது. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் கண்ணாடி ஊசிக்குழல்களை முறையாகக் கொதிக்கவைக்காமல் ஒருவர்பின் ஒருவராகப் பலருக்கும் பயன்படுத்தினர். அதன் வழியே கல்லீரலைச் சிதைக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி நாடெங்கும் பரவியது. 2008ஆம் ஆண்டில் நடத்தப்பெற்ற கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரை உள்ளோருள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைவரின் குருதியில் அத்தொற்றின் அடையாளம் காணப்பட்டது. அதனை வெல்ல எகிப்து 2018ஆம் ஆண்டில் நாடு தழுவிய பரிசோதனை இயக்கம் ஒன்றைத் தொடங்கிக் கோடிக்கணக்கான மக்களைச் சோதித்து மருந்தளிக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் இத்தகைய துயரம் நேர்ந்ததுண்டு. 2009ஆம் ஆண்டில் குஜராத் மாநிலத்துச் சாபர்காந்தா மாவட்டத்தில் ஹெபடைடிஸ் பி நோய் பரவி உயிரிழப்புகள் நேர்ந்தன. பயன்படுத்திய ஊசிகளை மீண்டும் பயன்படுத்தியதே அதன் காரணமாகக் கண்டறியப்பட்டது. 2000ஆம் ஆண்டில் மட்டும், தூய்மையற்ற ஊசிகளால் உலகெங்கும் 2 கோடியே 10 இலட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும், 20 இலட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் சி தொற்றும், 2 இலட்சத்து 60 ஆயிரம் பேருக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஏற்பட்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டது. அடுத்த பத்தாண்டுகளில், ஒருமுறை ஊசிகள் பரவலாக வழக்கத்துக்கு வந்தமையால் இத்தொற்றுகள் பெரிதும் குறைந்தன. ஒருமுறை அழுத்தியபின் தானே பூட்டிக்கொண்டு மறுமுறை இயங்காத ஊசிக்குழல்களையே பயன்படுத்துமாறு அந்நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வலியுறுத்தியது. பிளாஸ்டிக்கின் மீதுள்ள வெறுப்பினால் இவற்றை விலக்குதல் பேதைமையாகும்.

அவ்வாறாயின் இங்குக் கழிவைக் குறைக்கவே இயலாதோ? இயலும். உலகில் போடப்படும் ஊசிகளுள் பல தேவையற்றவை என்று அதே நிறுவனம் எடுத்துக்காட்டியுள்ளது. மாத்திரையால் தீரும் காய்ச்சலுக்கும் ஊசியைக் கேட்டுப் பெறுகின்ற வழக்கம் நம்மிடையே உண்டு. ‘ஊசி போட்டால்தான் குணமாகும்’ என்னும் எண்ணத்தை விட்டொழித்தாலே, ஒருவருடைய பாதுகாப்பையும் குறைக்காமல் ஊசிக்குழல்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். பயன்படுத்திய ஊசியை மீண்டும் பயன்படுத்துதல் தீய சிக்கனம். தேவையற்ற ஊசியைத் தவிர்த்தலே நற்சிக்கனம்.

கையுறைக்கும் இவ்வுண்மை பொருந்தும். குருதியைத் தொடுங்கால் கையுறை இன்றியமையாதது. ஆனால் நோயாளியின் நாடியைப் பார்க்கவும், உணவுத் தட்டை எடுத்து வைக்கவும் அது வேண்டுவதில்லை. கையுறை அணிந்தவர் கை கழுவ மறப்பதுண்டு. ஒரே கையுறையுடன் பலரைத் தொட்டு நோயைப் பரப்புவதும் உண்டு. இலண்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று 2018ஆம் ஆண்டில் இதனைத் தன் பணியாளர்க்கு எடுத்துரைத்துத் தேவையற்ற கையுறைகளைக் குறைத்தது. கழிவும் குறைந்தது, கை கழுவும் ஒழுங்கும் வலுப்பெற்றது.

பெருந்தொற்றுக் காலத்தின் படிப்பினை

2020ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்று பரவியபோது உலகம் அச்சத்தில் ஆழ்ந்தது. 2020 மார்ச்சு முதல் 2021 நவம்பர் வரை ஐக்கிய நாடுகள் அமைப்பின் வாயிலாக மட்டும் 87,000 டன் எடையுள்ள பாதுகாப்பு உடைகளும் கவசங்களும் நாடுகளுக்கு வழங்கப்பட்டன. எண்ணூறு கோடிக்கும் மேற்பட்ட தடுப்பூசித் தவணைகளால் ஊசிகளும் ஊசிக்குழல்களும் அவற்றை இட்டு வைக்கும் பெட்டிகளுமாக 1,44,000 டன் கழிவு கூடுதலாகச் சேர்ந்தது என்று 2022ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டது. இக்கழிவில் பெரும்பகுதி உயிர்காப்பின் விலை. அதனைக் குறை கூறுதல் நன்றியன்று.

ஆயினும் அச்சத்தின் பெயரால் வேறு சிலவும் நுழைந்தன. பல நாடுகளில் கடைக்காரர்கள் துணிப்பையை வாங்க மறுத்துப் பிளாஸ்டிக் பையையே கொடுத்தனர். உணவகங்கள் எவர்சில்வர் டம்ளரை விலக்கி எறியும் குவளைக்கு மாறின. பிளாஸ்டிக் பரப்பிலேயே அக்கிருமி மூன்று நாள் வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடும் என்று 2020 மார்ச்சில் வெளிவந்த ஆய்வு காட்டியிருந்தும், பிளாஸ்டிக்கே தூய்மையானது என்று பலரும் கருதினர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட நலவாழ்வு அறிஞர்கள், சோப்பினால் நன்கு கழுவப்பெற்ற பாத்திரங்களும் பைகளும் அச்சமின்றிப் பயன்படுத்தத்தக்கவையே என்று கூட்டாக அறிவித்தனர். தொற்று பெரும்பாலும் காற்றின் வழியே பரவுகின்றது. பொருள்களைத் தொடுவதால் பரவுதல் அரிது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ‘புதியது, உறையிட்டது, எறியத்தக்கது’ என்னும் தோற்றம் வேறு, தூய்மை வேறு.

நூறும் பதினைந்தும்

மருத்துவமனைக் கழிவு முழுவதும் நஞ்சு என்று நாம் எண்ணுகின்றோம். உண்மை அவ்வாறன்று. அதில் ஏறத்தாழ 85 விழுக்காடு இல்லத்துக் குப்பையைப் போன்ற பொதுக்கழிவே. எஞ்சிய 15 விழுக்காடே தொற்றுக்கோ நச்சுத்தன்மைக்கோ இடமானது. இவ்விரண்டையும் பிரித்து வைத்தால் பதினைந்தை மட்டும் கவனமாகக் கையாண்டால் போதும். கலந்துவிட்டால் நூறும் தீங்குடையதாகின்றது. கழிவு மேலாண்மையின் அடிப்படை இவ்வெளிய கணக்கிலேயே அடங்கியுள்ளது.

நம் நாட்டில் 1998ஆம் ஆண்டில் முதன்முதலாக மருத்துவக் கழிவு விதிகள் வகுக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டில் அவை திருத்தி அமைக்கப்பெற்றன. அவற்றின்படி, குருதி தோய்ந்த பஞ்சும் காலங்கடந்த மருந்தும் மஞ்சள் பையில் சேரும். குழாய், கையுறை, ஊசி நீக்கிய ஊசிக்குழல் முதலிய பிளாஸ்டிக் பொருள்கள் சிவப்புப் பையில் சேரும். ஊசிகளும் கூர்மையான பிறவும் துளைக்க இயலாத வெள்ளைப் பெட்டியிலும், கண்ணாடிப் பொருள்கள் நீலப் பெட்டியிலும் சேரும். சிவப்புப் பையிலுள்ளவற்றை நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கி, துண்டுகளாக்கி, மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். இவ்வாறு பிரித்தால் உயிர் காத்த பிளாஸ்டிக்கும் குப்பை மேட்டைச் சேராமல் மற்றொரு பொருளாகலாம்.

கலந்த கழிவை எரித்துவிடலாமே என்று சிலர் வினவுவர். குளோரின் கலந்த பிளாஸ்டிக்கைக் குறைந்த வெப்பத்தில் எரித்தால் டயாக்சின் என்னும் கொடிய நச்சு எழும். அது காற்றில் பரவி, புல்லில் படிந்து, பாலிலும் வந்து சேரும். 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உலக நாடுகள் குறைத்து ஒழிக்க வேண்டிய நச்சுகளுள் ஒன்றாக இதனையும் குறித்தது. ஆகவே நம் நாட்டு விதிகள் குளோரின் கலந்த பைகளையும் கையுறைகளையும் மருத்துவமனைகளிலிருந்து விலக்குமாறு பணித்தன. ஆயினும் இரத்தத்தைச் சேமிக்கும் பைகளுக்கு மட்டும் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் விலக்களிக்கப்பட்டது. பொருள் ஒன்றே; பயன் வேறாகும்போது விதியும் வேறாகின்றது. நாம் தேடும் நடுநிலைக்கு இவ்விலக்கே நல்ல எடுத்துக்காட்டாகும்.

வடிகட்டிய நீர்

நீரைத் துணியால் வடிகட்டியே பருகுதல் நம் சமுதாயத்தில் வழிவழியாக வரும் ஒழுக்கம். நீரில் வாழும் சிற்றுயிர்களைக் காத்தலே அதன் நோக்கம். அவ்வொழுக்கம் மனிதரின் உடல்நலத்துக்கும் துணையாவதை அண்மைக் கால ஆய்வுகள் மெய்ப்பித்துள்ளன.

வாந்திபேதி எனப்படும் காலராவின் கிருமிகள் குளத்து நீரிலுள்ள நுண்ணிய மிதவை உயிரிகளின்மீது ஒட்டி வாழ்கின்றன. இதனை அறிந்த ரீட்டா கோல்வெல் என்னும் அறிவியலறிஞரும் அவருடைய குழுவினரும் வங்காளதேசத்தில் 65 ஊர்களில் ஏறத்தாழ 1,33,000 மக்களிடையே ஓர் ஆய்வு நடத்தி, 2003ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டனர். பழைய பருத்திப் புடவையைப் பலமுறை மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீரை வடிகட்டிய ஊர்களில் காலரா 48 விழுக்காடு குறைந்திருந்தது. நரம்புச் சிலந்தி நோயின் வரலாறும் இவ்வாறே. அப்புழுவின் கருவைச் சுமக்கும் நீர்ப்பூச்சியைத் துணி தடுத்துவிடுகின்றது. 1986ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 35 இலட்சம் பேரை வாட்டிய அந்நோய், வடிகட்டும் பழக்கத்தாலும் நீர்நிலைகளைக் காத்தமையாலும் இன்று ஆண்டுக்கு ஒரு சிலரையே தொடுகின்றது. நம் நாட்டில் அதன் இறுதி நோயாளி 1996ஆம் ஆண்டில் இராஜஸ்தானத்தில் காணப்பட்டார்.

இதனைக் கொண்டு துணி ஒன்றே போதும் என்று முடிவு கட்டுதல் தவறு. தனித்து மிதக்கும் நுண்கிருமிகள் துணியின் இழைகளுக்கிடையே எளிதில் புகுந்து செல்லும். ஆதலின் வடிகட்டியபின் நன்கு கொதிக்கவைத்து ஆற்றிய நீரே நோய்த் தடுப்புக்கு உரியது. வடிகட்டும் துணியையும் நாள்தோறும் துவைத்து வெயிலில் உலர்த்துதல் வேண்டும். அழுக்கேறிய துணி காப்பாகாது.

இவ்வாறு ஆயத்தம் செய்த நீருக்கு மாற்றாக நாம் விலை கொடுத்து வாங்கும் பாட்டில் நீரின் நிலை யாது? ஒரு லிட்டர் பாட்டில் நீரில் சராசரியாக 2,40,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் இருந்ததாக அமெரிக்க நாட்டுக் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024ஆம் ஆண்டில் அறிவித்தனர். பிளாஸ்டிக் பூச்சுடைய காகிதக் குவளையில் சுடுநீரைப் பதினைந்து நிமிடம் வைத்திருந்தால் 100 மில்லி நீரில் ஏறத்தாழ 25,000 துகள்கள் கலக்கின்றன என்று கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் 2020ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். இத்துகள்கள் உடலுக்குச் செய்யும் கேட்டின் அளவை அறிவியல் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கின்றது. எனினும், உடல்நலத்தின் பெயரால் வாங்கப்படும் ஒரு பொருள் வேண்டாத ஒன்றையும் உடன் கொணர்கின்றது என்பதில் ஐயமில்லை.

விழாவும் பந்தியும்

தமிழ்நாட்டு அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் பூச்சுடைய குவளை, நீர்ப் பொட்டலம், உறிஞ்சுகுழல், கைப்பை முதலிய 14 வகைப் பொருள்களைத் தடை செய்தது. அதனை அறிவித்த காலத்தில் பால், தயிர், எண்ணெய், மருத்துவப் பொருள்கள் ஆகியவற்றின் உறைகளுக்கு விலக்களித்தது. நாடு முழுவதற்குமான தடை 2022 ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. எனினும் சட்டம் வாயில்வரையே வரும். பந்திக்குள் நடப்பது நம் மனத்தைப் பொறுத்தது.

ஐந்நூறு பேர் உண்ணும் ஒரு திருமணத்தில் ஆளுக்கொரு சிறு பாட்டில் வைப்பின் ஒரே வேளையில் ஐந்நூறு பாட்டில்கள் குவியும். அவற்றுள் பலவற்றில் பாதி நீர் எஞ்சி நிற்கும். ‘விருந்தினர்க்கு நோய் வந்துவிடக் கூடாதே’ என்னும் அக்கறையே இவ்வழக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம். அவ்வக்கறை மதிக்கத்தக்கது. ஆனால் அதனை நிறைவேற்றும் வழி வேறும் உண்டு. வடிகட்டிக் கொதிக்கவைத்த நீரை மூடியும் குழாயும் உள்ள அண்டாவில் வைத்து, எவர்சில்வர் டம்ளர்களில் வழங்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: டம்ளர்களை ஒரே வாளி நீரில் முக்கி எடுத்தல் கூடாது. சோப்பிட்டுத் தேய்த்து, ஓடும் நீரில் அலசி, சுடுநீரில் இட்டுக் கவிழ்த்து உலர்த்துதல் வேண்டும். இதற்கென இரண்டு மூன்று பேரைக் கூலி கொடுத்து அமர்த்தலாம். இவ்வொழுங்கைச் செய்ய மனமில்லாமல் எவர்சில்வருக்கு மாறுதல், கழிவைக் குறைத்து நோயைக் கூட்டுவதாகவே முடியும்.

வெள்ளத்தில் ஊர் மூழ்கி, கிணறும் குழாயும் சாக்கடையோடு கலந்த நாள்களில், பாட்டில் நீரே காப்பு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் சிக்கியவர்களுக்கு நீர்ப் பாட்டில் கொண்டு சென்றவர்கள் செய்தது அறமே. அடுப்பு மூட்டி நீரைக் கொதிக்கவைக்கும் நிலை திரும்பியபின் பாட்டிலை விட்டுக் குடத்துக்குத் திரும்புதலும் அறமே.

இல்லத்தில் நாம் செய்யத்தக்கவை

நீரிழிவு நோயினர் இல்லத்தில் நாள்தோறும் இன்சுலின் ஊசிகள் சேர்கின்றன. இவற்றைக் குப்பைப் பையில் அப்படியே இடுவோமாயின், வெறுங்கையால் குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலில் அவை குத்தும். நம்மைக் காத்த ஊசி மற்றொருவர்க்கு நோய் தருதல் கூடாது. கெட்டியான டப்பாவில் ஊசிகளைச் சேர்த்து, முக்கால் பங்கு நிறைந்ததும் இறுக மூடி, அருகிலுள்ள மருத்துவமனையிலோ மருத்துவக் கழிவு பெறும் இடத்திலோ ஒப்படைக்கலாம். நாப்கின்களையும் டயபர்களையும் தனியே பொதிந்து கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் கூறின. எதனையும் கொல்லைப்புறத்தில் இட்டுக் கொளுத்துதல் ஆகாது.

ஒரு பிளாஸ்டிக் பொருளைக் கையில் எடுக்கும்போது நான்கு வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம்.

முதலாவது: இது இல்லையெனில் யாருக்கேனும் நோயோ துன்பமோ நேருமா?

இரண்டாவது: இச்செயலே தேவையா, தேவையெனில் குறைவாகச் செய்யலாகுமா?

மூன்றாவது: கழுவியோ கொதிக்கவைத்தோ மீண்டும் பயன்படுத்தும் பொருளால் இதே பாதுகாப்பைப் பெற இயலுமா, அதற்குரிய நீரும் ஆளும் இங்கு உண்டா?

நான்காவது: பயன்பட்டபின் இது யார் கையில், எந்த மண்ணில் சென்று சேரும்?

இவ்வினாக்களை ஊசிக்குழலுக்குப் பொருத்தினால் ‘கொள்க, பின் பிரித்து ஒப்படைக்க’ என்னும் விடை கிடைக்கும். திருமணப் பந்தியின் சிறு பாட்டிலுக்குப் பொருத்தினால் ‘தவிர்க்க’ என்னும் விடை கிடைக்கும். இளநீர்க் கடையில் நலமுடைய இளைஞர் கேட்கும் உறிஞ்சுகுழலுக்கு ஒரு விடையும், பக்கவாதத்தால் தலையைத் தூக்க இயலாத முதியவர்க்கு வேண்டும் உறிஞ்சுகுழலுக்கு வேறொரு விடையும் கிடைக்கும். விடைகள் வேறுபடுதல் குழப்பமன்று. இடத்தையும் ஆளையும் அறிந்து முடிவு செய்தலே நடுநிலை.

பிறர்க்கு நோய் வாராமல் காத்தலும் பிற உயிர்க்குத் தீங்கு நேராமல் காத்தலும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல. காப்பு வேண்டிய இடத்தில் தயங்காமல் கொண்டு, வசதிக்காக மட்டும் பெருகியதை வருந்தாமல் விடுத்து, பயன்பட்டதைப் பொறுப்புடன் பிரித்து ஒப்படைப்போம். வரும் விழாக் காலத்தில் நம் பந்திகளிலிருந்தே இதனைத் தொடங்கி, இளையோர்க்கும் எடுத்துரைத்து ஒழுகுவோமாக.